லண்டன் மாடன்

கணக்கு வாத்தியார் குற்றாலலிங்கம் காலையில் பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்தபோது, அவர் ஆசை ஆசையாகச் செய்யச் சொன்ன தூணுக்கு யாரோ அரளிப்பூ மாலை போட்டிருந்தார்கள்.

மாலையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடியில் ஒரு சுருட்டும் அவித்த முட்டையும் இருந்தன. முட்டை என்ற வார்த்தையைக்கூட மெதுவாகச் சொல்லும் சைவ வீடு அது. மனைவி ஞானம்பாள் முட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் சத்தம் போட்டால் சமாளித்துவிடலாம். பேசாமல் போனால்தான் வில்லங்கம்.

தூண் விவகாரம் இதுதான். லண்டன் டிவியில் ஒரு விஞ்ஞானத் தொடர். காலம் விட்டுக் காலம் சைக்கிளில் போய்த் தபால் கொடுக்கும் நடுவயசுப் பெண் ஒருத்திதான் கதாநாயகி. துப்பாக்கி கிடையாது. பிளாஸ்க் நிறைய டீ, வாய் நிறையக் கேள்வி, அவ்வளவுதான். வேற்றுக்கிரகம் என்று காட்டுவது ஏதோ கல்குவாரி என்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் எப்பேர்ப்பட்ட பூதம் வந்தாலும் உட்காரவைத்து டீ ஊற்றி, உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்பாள் பாருங்கள், அந்த இடத்தில் வாத்தியாருக்குக் கண் கலங்கிவிடும்.

மகள் மதுமதி எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவும் மகளுமாகப் பார்க்க ஆரம்பித்தது. இப்போது அவள் இங்கிலாந்திலேயே போய்ப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அங்கேயும் இவர் இங்கேயும் ஒரே நேரத்தில் தொடரைப் போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். தொடர் இல்லாத நாளில் அவருக்கு மகளோடு பேசத் தெரியாது. சாப்பிட்டியா என்பதற்கு மேல் வார்த்தை வராத மனுஷன்.

அந்தத் தொடரில் வருவதுதான் தூண். யாருக்காகவோ ஏங்கிக் கிடக்கும் வீட்டு வாசலில் தானாக வந்து நிற்கும். எதிர்பார்த்த ஆள் வந்ததும் போய்விடும். தனியாகப் போகுமா, வந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போகுமா என்பதை மட்டும் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மதுமதி வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறாள். வாசலில் தூணைப் பார்த்து அவள் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்பது வாத்தியாரின் திட்டம். தன்னிடம் படித்த தச்சன் எஸ்றாவிடம் படம் வரைந்து கொடுத்து பிளைவுட்டில் செய்யச் சொல்லியிருந்தார். ஒருநாள் விடிந்ததும் கேட்டுக்குள் தூண் நின்றது. பையன் சொல்லாமல் கொள்ளாமல் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று பூரித்துப்போனார்.

ஆனால் அடி அகன்று, நுனி குறுகி, சுண்ணாம்பு வெள்ளையில் ஆளுயரம் நிற்பதை விக்கிரமசிங்கபுரத்தில் லண்டன் தூண் என்று எவன் நினைப்பான்? தாமிரபரணித் தண்ணீர் குடித்த யாருக்கும் அது காவல்சாமி சுடலைமாடனின் பீடம்தான்.

வாத்தியார் மாலையைக் கழற்றி எறிந்தார். எதிர்வீட்டு இசக்கியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மாடன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுகிறவரும் அவர்தான். அன்று மத்தியானமே இசக்கியப்பன் வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது.

"மாலையக் கழத்துனது நீங்க, எரிஞ்சது எம் மோட்டாரா அண்ணாச்சி?" என்று வாசலில் வந்து நின்றார்.

கண்ணில் பட்டால்தானே வம்பு என்று பெட்ஷீட்டால் தூணை மூடினார். அதுதான் அவர் செய்த அடுத்த மடத்தனம். திரை போட்ட சாமிக்கு மவுசு அதிகம். சாயங்காலத்துக்குள் பெண்கள் சூடத்தோடு வரிசையில் நின்றார்கள். கேட்டில் ஒரு சேவலைக் கட்டிவிட்டுப் போனது யாரென்று இன்றுவரை தெரியாது. ஞானம்பாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வயசுப்பிள்ள வார வீடு. மாடன் நிக்க வாசல்ல எம் பிள்ளைய நான் ஏத்தமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அது போகணும், இல்லேன்னா அவள நேரே எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

இரண்டு வருஷம் கழித்து வரும் மகள், வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் களக்காட்டுப் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவாள்.

உண்மையைக் காட்டிவிட்டால் ஊர் அடங்கும் என்று, பள்ளிக்கூடத்து புரொஜெக்டரைக் கொண்டுவந்து சுவரில் தொடரைப் போட்டு, தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்தார். இங்கிலீஷ் புரியாத ஜனம் மூச்சு விடாமல் பார்த்தது. தபால்காரி டீ ஊற்றிய இடத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். தூண் வரும் கட்டத்தில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. முடிந்ததும் இசக்கியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"வெள்ளக்காரனே இந்தப் பயம் பயப்படுதான்னா, எம்புட்டுத் துடியான சாமியா இருக்கும்."

அன்றிலிருந்து பெயரும் நிலைத்துவிட்டது, லண்டன் மாடன். நாளைக்கும் படம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கூட்டம் கலைந்தது.

இனி தூக்கி எறிவதுதான் வழி. தூணைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. பிளைவுட் கேட்டால் எஸ்றா பனங்கட்டையைப் போட்டுத் தொலைத்திருக்கிறான். போன் செய்தால் சுவிட்ச் ஆஃப். பட்டறைக்குப் போனால் பூட்டு. உவரி கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறான் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். செய்த வேலைக்குத் திட்டு விழும் என்று பயந்து ஒளிந்திருக்கிறான் களவாணிப்பயல் என்று வாட்ஸப்பில் நீளமாகப் பேசி அனுப்பினார்.

பிறகு பஸ் ஸ்டாண்டிலிருந்து சுமை தூக்கும் ஆட்கள் நாலு பேரைக் கூட்டிவந்து, இரும்புக் குழாய் போட்டு உருட்டி, தூணைக் கொல்லைப்புறத்தில் சுவரைப் பார்க்க நிறுத்தினார். ஆட்களில் ஒருவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, மரம் காய்ச்சல்காரன் நெத்தி மாதிரிச் சுடுதே என்றான். வெயில் என்றார் வாத்தியார். வானம் மூடிக் கிடந்தது.

மறுநாள் காலையில் தூண் முன்வாசலில் நின்றது. முன்பு கேட்டுப் பக்கம் நின்றது, இப்போது நடைப்படிக்குப் பக்கத்தில்.

இரவு மழை பெய்து முற்றத்து மண் குழைந்து கிடந்தது. இழுத்த தடம் இல்லை, காலடி இல்லை. தெருவில் எவனோ செய்த வேலை, தடத்தையும் பெருக்கிவிட்டிருக்கிறான் என்று வாத்தியார் அடித்துச் சொன்னார். கொல்லைக் கதவில் நான் போட்ட பூட்டு அப்படியே இருக்கே என்றாள் ஞானம்பாள். கணக்குக்கு விடை வராவிட்டால் கேள்வி தப்பு என்பது வகுப்பில் வாத்தியார் வழக்கமாகச் சொல்வது. அதையே சொல்லிவிட்டு வேகமாகக் குளிக்கப் போனார்.

வியாழக்கிழமை, வெட்கத்தை விட்டு இசக்கியப்பனிடமே போனார். உங்க சாமியை நீங்களே மரியாதையாக ஆற்றங்கரைத் தோப்புக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். இசக்கியப்பனுக்குக் குளிர்ந்துவிட்டது. மேளம் வந்தது. பூசை முடித்துத் தூணில் கை வைத்தார், அவ்வளவுதான், உடம்பு நடுங்க ஆரம்பித்தது. ஆனால் கொடையில் ஆடுவதுபோல் துள்ளவில்லை, கத்தவில்லை. நின்ற இடத்தில் விறைத்து நின்று, பைய, யாரோ மாதிரிப் பேசினார்.

"பிள்ள வரட்டும். வந்த பொறவு நானே போயிக்கிடுதேன்."

மேளக்காரர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இசக்கியப்பன் கண்ணைத் திறந்து, காப்பி இருக்கா என்று கேட்டார். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்தபிறகு காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஞானம்பாள் பையைக் கட்டிக்கொண்டு தெருமுனையில் காருக்காக நின்றாள். ஆனால் மதுமதி வேறு பக்கமாக வந்துவிட்டாள். உச்சி வெயிலில் வாசலில் இறங்கியவள், பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து தூணைக் கட்டிக்கொண்டாள். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. இசக்கியப்பன் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

"அப்பா, அதே மாதிரியே இருக்குப்பா," என்றாள். "எனக்காகவா செஞ்சிய?"

"நீ இல்லாம வீடு வெறிச்சுன்னு கெடந்துச்சுளா," என்றார் வாத்தியார். இரண்டு வருஷமாக வராத வார்த்தை வந்துவிட்டது. அவருக்கே ஆச்சரியம். மூச்சிரைக்க ஓடிவந்த ஞானம்பாள் மகள் சிரிப்பதைப் பார்த்துப் பையைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு மரக்கட்டைக்குப் போய் இத்தனை கூத்தா என்று அவளுக்கும் சிரிப்பு வந்தது. மதுமதி தூணின்மேல் கன்னத்தைச் சாய்த்து, கதகதன்னு இருக்கு என்றாள். கையை எடுக்கவில்லை.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் ஏதோ உயரமாகத் தார்ப்பாயில் சுற்றிக் கிடந்தது. முன்னாலிருந்து எஸ்றா தலையைச் சொறிந்துகொண்டே இறங்கினான்.

"கோவிச்சுக்கிடாதிய சார், உவரியில காய்ச்சலாப் படுத்துட்டேன், நேத்துத்தான் ஊருக்கு வந்தேன், இன்னைக்குத்தான் வேல முடிஞ்சுது. ஒங்க தூண எங்கன எறக்கி வைக்க?"