பனிச்சறுக்குக்கு ஒரு துணை

மூங்கில்துறைப்பட்டு,
தை மாதம் 9ஆம் தேதி.

சங்கராபுரத்தில் இருக்கும் அன்புத் தம்பி ராஜாங்கத்துக்கு அண்ணன் பொன்னுரங்கம் எழுதுவது.

இங்கு நான் சுகம். நாலு வருஷமாகப் பேசாதவன் உன் சுகத்தைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்த பிறகு கேட்காமலும் இருக்க முடியவில்லை. உன் மகள் ரம்யா கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை அவள் தாய்மாமன் பெயருக்குக் கீழே போட்டாய், நான் கல்யாணத்துக்கு வரவில்லை. அதைக் கிளற இந்தக் கடிதம் இல்லை. மாசி மாதம் மணாலிக்குப் போய்ப் பனிச்சறுக்கு விளையாடுவதாக இருந்தேன், அது நின்றுபோன கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சிரிக்காதே. உன் அண்ணி கமலா போய்ச் சேர்ந்த பிறகு சாயங்காலம் முழுக்க எனக்குப் போன்தான் துணை. அதில் காலில் இரண்டு பட்டையைக் கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்குகிறார்கள், விழுகிறார்கள், விழுந்தவனைத் தூக்க உடனே இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். நான் ஐப்பசி மழையில் குழாயடியில் வழுக்கி விழுந்து, பால்காரர் வரும்வரை ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன். இனிமேல் விழுவதென்றால் அந்த மாதிரி இடத்தில்தான் விழ வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

டூர் கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண் ரொம்ப மரியாதையாகப் பேசி, அறுபது தாண்டியவர்களோடு கூட ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும் என்றது. அங்கேதான் பிடித்தது சனி. உரக்கடை வெங்கடேசனைக் கூப்பிட்டேன், அங்கே என்ன கோயில் என்று கேட்டான். கோயில் இல்லையப்பா, சறுக்கத்தான் என்றேன். "சறுக்கிக்கினு போறதுக்கா அவ்ளோ தூரம்? நம்ம கொளத்துப் படியே போதுமே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு யூரியா போடப் போய்விட்டான். பக்கத்து வயல்காரன் பிச்சைமுத்து வருகிறேன் என்று ஸ்வெட்டரே வாங்கிவிட்டான், மறுநாளே அவன் கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது, கரும்பை நிற்க வைத்துவிட்டு எவன் பனி பார்க்கப் போவான். புனேயில் இருக்கும் என் மகன் பிரவீன்குமாருக்கு லீவு இல்லையாம், முதலில் கொஞ்சம் பழகிப் பாருங்கப்பா என்றான். அவன் விளையாட்டுக்குச் சொன்னான், நான் பழகப் போய்விட்டேன்.

பிச்சைமுத்து நவரை நெல் நடவுக்குச் சேறடித்து வயலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். டிராக்டருக்குப் பின்னால் கட்டிய பரம்புப் பலகைமேல், குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, கையில் இரண்டு மூங்கில் கழியோடு ஏறி நின்றேன். பாதி வயல் வரைக்கும் ராஜா மாதிரிப் போனேன் தம்பி, நீ பார்த்திருக்க வேண்டும். வரப்போரம் டிராக்டரைத் திருப்பினான், நான் திரும்பவில்லை, நேரே போய் மூக்கு வரைக்கும் சேறு. நடவுக்கு வந்த பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பு சங்கராபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். அவர்களில் மூத்தவள் செல்லியம்மாள் மட்டும் இறங்கி வந்து கையைப் பிடித்துத் தூக்கினாள். "வூட்ல கேக்கறதுக்கு ஆளு இல்லன்னா இப்டித்தாண்ணா ஆவும்" என்றாள். சேறு கழுவினதும் போய்விட்டது, அந்தப் பேச்சு போகவில்லை. உள்ளதைச் சொன்னால், தனியா இருக்க முடியலைடா.

ஆகவே பயணத்தை ரத்து செய்துவிட்டேன். உன்னைத் துணைக்குக் கூப்பிடத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, எனக்கும் வீம்பு உண்டு. அம்சவள்ளிக்கும் ரம்யாவுக்கும் என் ஆசிகள். ரம்யா குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, பெயர் இல்லாமலே அதற்கும் ஓர் ஆசி.

இப்படிக்கு,
பொன்னுரங்கம்

பின்குறிப்பு: ரத்து செய்யவில்லை. நேற்று அந்தப் பெண் மறுபடி போன் செய்து கூட வருகிறவர் யார் என்று கேட்டது, உன் பெயர் வாயில் வந்துவிட்டது. என்ன உறவு என்றது. கூடப் பிறந்தவன் என்றேன். உனக்கு மணாலி வேண்டாமென்றால் விடு, எனக்கும் குளிர் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். நான் வீட்டில்தான் இருப்பேன்.