அண்ணனுக்கு நான் பார்த்த பிபி

மனித உடலியல் பாடத்தில் ஒரு கொடுமை உண்டு. கெமிஸ்ட்ரி படிக்கிறவனுக்கு லேபை விட்டு வெளியே வந்தால் கெமிஸ்ட்ரி முடிந்தது. உடலியல் அப்படி விடாது. பஸ்ஸில் கூடவே ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "ஆமா, உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று காதுக்குள் கேட்கும்.

எனக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை. என் மார்க்குக்கு அந்த ஆசை இல்லை. ஆகவே ராஜபாளையத்தில் இருந்து தினமும் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தேன். இரண்டாம் வருடம் 'ஹியூமன் பிசியாலஜி' என்று ஒரு பேப்பர் வந்தது. தவளை, கரப்பான் எல்லாம் போய், மனுஷன்! நான் பாதி டாக்டர் ஆகிவிட்டதாகவே முடிவு செய்துவிட்டேன்.

மீதிப் பாதிக்கு நோயாளி ஆனேன். நுரையீரல் நடத்திய வாரம் எனக்கு டி.பி. கல்லீரல் நடத்திய வாரம், பஸ் கண்ணாடியில் என் கண் மஞ்சளாகத் தெரிந்தது (கண்ணாடியே மஞ்சள் என்பது பிறகுதான் தெரிந்தது). சர்க்கரை நோய் நடத்தியபோது நான் பாத்ரூமில் எறும்பு தேடியதை விரிவாகச் சொல்ல வேண்டாம். சிரிக்காதீங்க. தலை வலிக்குதுன்னு கூகுள்ல தேடி, உயில் எழுதுற வரைக்கும் போன ஆளுகதான நீங்களும்.

அப்புறம் இதயம் வந்தது. சாந்தி மேடம் பிபி எப்படிப் பார்ப்பது, பட்டையை எப்படிச் சுற்றுவது என்று விளக்கிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் முழுக்க, நான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என் நாடி ஒரு துடிப்பை விழுங்குகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். விழுங்கவில்லை. ஆனால் மேடம் சொன்னது மொத்தத்தையும் காதில் வாங்காமல் நான் விழுங்கிவிட்டேன். இதன் பலனை அனுபவித்தவன் என் அண்ணன்.

அண்ணன் பெயர் முத்துக்குமார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஒரு ஆள் பட்டாளம், மீதி வீட்டில் ஒரு ஆள் போலீஸ். அப்பா ரிடையர்டு ஹவில்தார். இப்போது மில்லில் செக்யூரிட்டி. அண்ணனுக்கும் ஆர்மிதான் கனவு. முந்தின தடவை ஓட்டத்தில் கோட்டை விட்டான். இந்தத் தடவை ஓட்டம், பரீட்சை எல்லாம் தேறி, மெடிக்கல் மட்டும் பாக்கி. இதை விட்டால் வயசு தாண்டிவிடும். இதுதான் கடைசி. தெரு முழுக்க அப்பா ஏற்கெனவே சொல்லியும் ஆயிற்று.

மெடிக்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் எனக்கு பிராக்டிகல் தேர்வு அறிவித்தார்கள். பிபி பார்த்துப் பழக வேண்டும். என் தோழி ஜெனிஃபரின் அம்மா ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே பழசாகிப்போன ஒரு பிபி மிஷின் அவர்கள் வீட்டில் கிடந்தது. அதையும் ஒரு ஸ்டெத்தையும் கேட்டு வாங்கிவந்தேன். கையில் சுற்றுகிற பட்டை நீல நிறம். அதில் குட்டிக் குட்டிக் கரடிகள் பலூன் பிடித்துப் பறந்துகொண்டிருந்தன. 'எம்புட்டு அழகா இருக்கு!' என்று நினைத்தேன். அந்தக் கரடிகளைப் பற்றி என் மூளை செய்த ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, வலிக்குமா?"

"ஊசியா போடுதேன்? கையக் குடு."

அண்ணன் கை சாதாரணக் கை இல்லை. வருடக்கணக்கில் தண்டால் எடுத்து, முட்டை தின்று, கண்ணாடி முன்னால் நின்று தானே பார்த்துப் பார்த்து வளர்த்த கை. பட்டை அதைச் சுற்றி வரவில்லை. இழுத்து ஒட்டினால், காற்றை அடித்ததும் டப்பென்று பிய்த்துக்கொண்டது. வேறு ஊராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார்கள். நாங்கள் ராஜபாளையத்துக்காரர்கள். அம்மா போவதே பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனிக்கு. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தாலும் தீரும், பேண்டேஜ் துணி தீராது. ஒரு சுருளை எடுத்துப் பட்டைக்கு மேல் இறுக்கிச் சுற்றி, முடிச்சும் போட்டேன். பட்டை இப்போது அசையவில்லை. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

பாதரசம் ஏறியது. இறங்கியது. ஸ்டெத்தில் டக் டக் என்று கேட்டது.

நூற்று அறுபதுக்கு நூறு.

"எம்புட்டு?" என்றான்.

"செத்த நேரம் பேசாம இரி." மறுபடி பார்த்தேன். கூடியிருந்தது.

"ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்லண்ணே. பயப்படாத." (இந்த உலகத்தில் பயப்படாதே என்று சொல்லி யாராவது பயப்படாமல் இருந்திருக்கிறார்களா?) மூன்றாவது தடவை இன்னும் கூடியது.

அப்பா வந்தார், அம்மா வந்தாள். நான் ஸ்டெத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். கழற்றிவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

"மிஷின் ரிப்பேரா இருக்கும்ட்டி. என் கைல பாரு," என்றாள் அம்மா. அம்மா கை முருங்கைக்காய். பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. நார்மல். அப்பாவுக்கும் வயிறுதான் பெரிது, கை ஒல்லி. அவருக்கும் நார்மல். மிஷின் சரி, அப்படியென்றால் அண்ணன்தான் ரிப்பேர். மூன்று பேரும் அண்ணனைப் பார்த்தோம். அவன் மெதுவாகத் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டர்ட்ட போவோம்," என்றேன். எனக்குள் நியாயமாக யோசித்த கடைசி நரம்பு அது.

அப்பா கதவைச் சாத்தினார். "இந்த ஊருல எந்த டாக்டர்ட்ட போனாலும் வெளிய பெஞ்சுல நம்ம ஆளு ஒருத்தன் உக்காந்திருப்பான். மெடிக்கலுக்குப் போற பயலுக்கு பிபின்னு சேதி பரவட்டும், பொறவு நான் தெருவுல நடக்கவா? மூச்சு விடக்கூடாது. பத்து நாள் இருக்கு, வீட்லயே குறைப்போம்."

மூச்சு விடக்கூடாது என்று அப்பா சொன்னது, பக்கத்து வீட்டு லட்சுமி அத்தை வாசலுக்கு வரும்வரை நிலைத்தது. அத்தை வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்கள் அம்மா எதையும் அவர்களிடம் மட்டும் மறைக்க மாட்டாள்.

"அம்மோ! இந்த வயசுலயா?" என்று வாயில் கை வைத்தார்கள் அத்தை. "உப்பை நிறுத்து. பீட்ரூட் ஜூஸ் குடு. நம்ம மாமாவுக்கு சரசரன்னு எறங்கிருச்சு. யூடியூப்ல கூட சொல்லுதாவ."

நான் புத்தகத்தில் தேடி, பீட்ரூட் ரத்தக் குழாயை விரிக்கும் என்று நீளமாக விளக்கி ஒப்புதல் கொடுத்தேன். யாரும் என்னிடம் ஒப்புதல் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் காலை, மாலை மிக்ஸி சத்தம்தான். சொம்பு சொம்பாகச் சிவப்பு ஜூஸ். உப்பில்லாத சாம்பார். பரோட்டா கிடையாது, சிக்கன் கிடையாது, டி.வி.யில் கிரிக்கெட் கிடையாது (பதற்றம் கூடுமாம்). தினமும் சாயங்காலம் நான் மிஷினோடு போய் நிற்பேன். என்னைப் பார்த்ததுமே அண்ணனுக்கு வியர்க்கும். பேண்டேஜ் துணியை நான் உதறினாலே கண்ணை மூடிக்கொள்வான். நாளுக்கு நாள் கூடிக்கொண்டேதான் போனது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. 'நான் ஏன் பார்த்தேன்? பார்க்காமல் இருந்தால் வந்திருக்காதோ?' என்றெல்லாம் தோன்றியது. அதைவிட மோசம், அண்ணன் என்னைச் சீண்டுவதை நிறுத்திவிட்டான். கடைசி இரண்டு நாள் பாத்ரூம் போய்வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "என்னண்ணே?" என்றால், "ஒண்ணுமில்ல, நீ போ" என்பான்.

மெடிக்கலுக்கு அப்பாவும் அவனும் முந்தின நாளே வெளியூர் கிளம்பினார்கள். அங்கே அப்பாவின் பழைய பட்டாள நண்பர் வீட்டில் தங்கல். அம்மா ஒரு பெரிய பாட்டில் நிறைய ஜூஸ் கொடுத்தனுப்பினாள். "உள்ள போறதுக்கு முன்னாடி பூராத்தையும் குடிச்சிரு ராசா."

மறுநாள் மத்தியானம் எனக்கு லேபில் பிராக்டிகல் ஒத்திகை. போன் அதிர்ந்தது. அப்பா. டேபிளுக்குக் கீழே குனிந்து எடுத்தேன்.

"ஏட்டி," அப்பா குரல் உடைந்திருந்தது. "ஒண்ணுக்கு டெஸ்ட்டுக்குப் பிடிச்சுக் குடுத்திருக்கான். ரத்தச் சிவப்பா இருக்காம். அவனை மட்டும் தனியா உக்கார வச்சிட்டாவ. இப்பதான் வாசல் கேட்டு வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போறான், சாப்பாட்டு நேரம்னு. என்னட்டி இது?"

நான் படித்த பிள்ளை. தெரியாது என்று சொல்வேனா?

"ஹெமச்சூரியாப்பா."

"அப்படின்னா?"

"சிறுநீர்ல ரத்தம். பிபி கூடி கிட்னியப் பாதிச்சிருச்சு."

எதிர்முனையில், பட்டாளத்தில் இருந்த மனுஷன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கு அங்கேயே அழுகை வெடித்துவிட்டது. சத்தமாக. லேப் மொத்தமும் திரும்பியது.

சாந்தி மேடம் வந்தார்கள். "என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?"

விக்கி விக்கிச் சொன்னேன். மேடம் கேட்டார்கள்: "காலையில என்ன சாப்பிட்டாரு உங்கண்ணன்?"

"ஒண்ணும் இல்ல மேடம். பீட்ரூட் ஜூஸ் மட்டுந்தான்."

"எவ்வளவு?"

"ஒரு பாட்டிலு. பத்து நாளா தினம் ரெண்டு வேளை."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடம் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. "சில பேருக்கு பீட்ரூட் சாப்பிட்டா அந்தக் கலர் அப்படியே வெளிய வரும்மா. உடனே அப்பாட்ட சொல்லு. உள்ள போயி டாக்டர்ட்ட பீட்ரூட்னு சொல்லச் சொல்லு. ஓடு!"

சொன்னேன். அப்பா நான்கு தடவை "பீட்ரூட்டா?" என்று கேட்டுவிட்டு வாசல் கேட்டை நோக்கி ஓடினார்.

அத்துடன் விட்டிருக்கலாம். மேடம் விடவில்லை. "சரி, ஆர்மிக்கு ஓடித் தேறின பையனுக்கு எப்படி இவ்வளவு பிபி? எதுல பாத்த?"

மிஷின் என் பைக்குள்தான் இருந்தது, ஜெனிஃபரிடம் திருப்பிக் கொடுக்க. மேடம் அதை வெளியே எடுத்தார்கள். முதலில் பேண்டேஜ் துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதன் கடைசியில் நீலப் பட்டை. பலூன் பிடித்த கரடிகள்.

மேடம் ஒரு கரடியை விரலால் தொட்டுக் காட்டினார்கள்.

"இதை யாரு கையில கட்டுன?"

"அண்ணன் கைல."

"அண்ணன் என்ன எல்கேஜியா?"

அடுத்துக் கிளம்பிய சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதற்கு நடுவில் மேடம் விளக்கினார்கள்: பெரிய கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிபி இருப்பதைவிடக் கூடத்தான் காட்டும், இதை அன்றைக்கே வகுப்பில் சொன்னேனே என்று. அதாவது அண்ணனுக்கு இருந்த ஒரே வியாதி பைசெப்ஸ். ஜெனிஃபர் தலையில் கை வைத்துக்கொண்டு, "எங்கம்மாட்ட நான் என்னன்னுடி சொல்லுவேன்?" என்றாள்.

ஆனால் எனக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. அண்ணன் இன்னும் உள்ளேதான் இருந்தான். அங்கே டாக்டர் பீட்ரூட் கதையை நம்பினாரா இல்லையா தெரியாது. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மறுநாள் மறுபடி வந்து கொடுக்கச் சொல்லிவிட்டார். பிபி மட்டும் அவர்கள் பார்த்தபோது நார்மல். ஆனால் அண்ணனுக்கு அதுவும் நம்பிக்கை வரவில்லை. சாயங்காலம் போனில் கேட்டான்: "ஏட்டி, அவிய மிஷின் ரிப்பேரா இருக்குமோ?"

"அண்ணே, உனக்கு ஏற்கெனவே சிவப்பாப் போச்சா? ஏன் என்ட்ட சொல்லல?"

"உன்ட்ட சொன்னா அதுக்கும் ஒரு பேரு வைப்ப."

 அவன் வேலை என் கரடிக்குட்டிகளால் போய்விட்டால், அந்தத் தெருவில், அந்த வீட்டில், நான் எந்த முகத்தோடு சோறு கேட்பது?

மறுநாள் காலேஜ் விட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன்; ஜெனிஃபர் முன்பக்கம் நெரிசலில் மாட்டியிருந்தாள். மம்சாபுரம் விலக்கு தாண்டும்போது போன் வந்தது.

"தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சாம்ட்டி," என்றார் அப்பா. "ஃபிட்டு!"

நெரிசலான பஸ்ஸில் நான் கத்தினேன்: "ஏ ஜெனி! எங்கண்ணனுக்கு ஒண்ணுக்கு வெள்ளையா வந்துருச்சு!"

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். எனக்கு முன்னால் சீட்டில் இருந்த ஒரு அம்மா தன் சாப்பாட்டுக் கூடையை மடிக்கு மாற்றிக்கொண்டார்.

அண்ணன் இப்போது எல்லையில் எங்கோ பனியில் நிற்கிறான். பிசியாலஜியில் நான் பாஸ். வீட்டில் மட்டும் இன்றுவரை தெர்மாமீட்டரைக்கூட என் கையில் கொடுப்பதில்லை.

போன தடவை லீவில் அவன் வந்தபோது, சேத்தூரில் பெண் பார்க்கப் போனோம். நல்ல வெயில். பேச்சு சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா, "லேசா கிறுகிறுன்னு வருது" என்று நெற்றியைத் தடவினார். நான் நாற்காலியில் இருந்து எழவில்லை. சத்தியமாக எழவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்தேன், அவ்வளவுதான்.

அப்பா, அம்மா, அண்ணன், துணைக்கு வந்த லட்சுமி அத்தை, நாலு பேரும் ஒரே குரலில்: "ஏட்டி, உக்காரு!"

பெண் வீட்டார் திகைத்துப்போனார்கள். வேறு வழியில்லாமல் அண்ணன் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கரடியில் தொடங்கி பஸ் வரைக்கும், ஒன்றையும் விடவில்லை. உள்ளறையில் பெண் சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. கல்யாணம் முடிவானதே அந்தச் சிரிப்பில்தான் என்று நான் இப்போதும் சொல்லிக்கொள்கிறேன், யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

கிளம்பும்போது பெண்ணின் அப்பா, கிறுகிறுப்பெல்லாம் பறந்துபோய், அண்ணன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"மாப்ள, உங்க ஊர்ல எந்த டாக்டர்ட்ட காட்டணும்னு நீங்க இனிமேத்தான் சொல்லணும். யார்ட்ட காட்டக்கூடாதுன்னு எங்க குடும்பத்துக்கே இப்பவே தெரிஞ்சுபோச்சு."