ஐஸ் தொட்டியில் மப்ளர் அண்ணாச்சி

தூத்துக்குடியில் குளிருகிறது என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் மப்ளர் அண்ணாச்சிதான். சித்திரை வெயிலில் நாங்கள் விசிறியைத் தேடுவோம். அவர் மப்ளரைத் தேடுவார். எழுபதுகளில், மூழ்கிய தோணிகளைக் கரையேற்றும் கம்பெனியில் நான் குமாஸ்தா. முத்துக் குளித்துப் பழகிய அவர் அங்கே கடலுக்குள் இறங்குகிறவர். அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவருக்கா அந்த வேலை வரவேண்டும்? இமயமலைப் பக்கம் ஓர் அணையில் மதகு சிக்கிக்கொண்டதாம், தண்ணீருக்குள் போய் விடுவிக்க ஆள் வேண்டுமாம். வேறு யாரையாவது பார்க்கலாமே என்று மானேஜர் இழுத்தார். அண்ணாச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பனிமய மாதாவுக்குத் தேர் இழுக்குதவன் நான். என்னைய பனி என்ன செய்யும்?"

மாதாவின் பெயரில்தான் பனி இருக்கிறது, ஊரில் ஒரு பொட்டுகூடக் கிடையாது என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பம்பாயிலிருந்து இரண்டு ரெகுலேட்டர்கள் வந்தன. முதுகிலிருக்கும் சிலிண்டர் காற்றை மூச்சுக்கு வேண்டிய அளவு மட்டும் விடுகிற கருவி அது. ஒன்று ஒற்றைக் குழாய், பளபளவென்று புத்தம் புதுசு. மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். மற்றது இரட்டைக் குழாய், பழைய மாடல். அதற்குக் கிழவன் என்று பெயர். அண்ணாச்சி உள்பட எல்லோர் ஓட்டும் மாப்பிள்ளைக்கே. அப்போதுதான் கொண்டுவந்த ஏஜென்ட் போகிறபோக்கில் ஒரு குண்டைப் போட்டார். கடுங்குளிரில் சில ரெகுலேட்டர்கள் மூடாமல் உறைந்துவிடும், மொத்தக் காற்றும் வெளியே போய்விடும் என்றார். இதில் எது உறையும்? அவருக்கும் தெரியாதாம்.

அண்ணாச்சி மானேஜரையும் எங்களையும் இழுத்துக்கொண்டு நேரே மீன் ஐஸ் பேக்டரிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியில் ஐஸை நொறுக்கிக் கொட்டச் சொல்லி, ரப்பர் உடுப்புக்குள் இரண்டு ஸ்வெட்டரோடு மாப்பிள்ளையை மாட்டிக்கொண்டு முங்கினார். கொஞ்ச நேரத்தில் தொட்டி சோடா உடைத்ததுபோலப் பொங்கியது. சிலிண்டர் காலி. பல் தந்தியடிக்க எழுந்தவர் கேட்டது காபியை அல்ல, கிழவனை.

மானேஜர் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். கேட்டால்தானே? மறுபடி முங்கிவிட்டார். குமிழிகள் நிதானமாக வந்துகொண்டேயிருந்தன. ஐஸ் உடைக்கிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். தொட்டியைத் தட்டித் தட்டித்தான் அவரை மேலே வரவழைத்தோம்.

"ஏலே, கெழவன் கைவிடல. மலைக்கு இவந்தான் வாரான்" என்றார், உதடு நீலம் பாரித்த நிலையிலும்.

சொன்னபடியே கிழவனோடு மலைக்குப் போனார். அங்கே மதகு திறந்து தண்ணீர் சீறியதும் இன்ஜினீயர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்களாம். சொன்னது அண்ணாச்சி என்பதால் பாதியைக் கழித்துவிடலாம். மதகு திறந்தது மட்டும் நிஜம்.

ரயிலடியில் மேளத்தோடு காத்திருந்தோம். மனிதர் முழுசாக, கிழவனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். அவரைப் பத்திரமாகத் திருப்பித் தந்த அந்தக் கருவிக்கு ஒரு முத்தம் கொடுக்கத் தோன்றியது. ஊர் சிரிக்குமே என்று அவர் கன்னத்திலேயே கொடுத்துவிட்டேன்.