பந்தூக் மூட்டை

அரைகுறையாக ஒரு பாஷை தெரிந்தால் சமாளித்துவிடலாம். இரண்டு தெரிந்தால் போலீஸ் வந்துவிடும். பஹ்ரைனில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

எண்பதுகளில் என் வீட்டுக்காரர் அங்கே ஓர் அரபி வீட்டில் டிரைவர். நான் அதே வீட்டில் சமையல். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வெளி ஆட்களைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்தி வந்தது. எஜமானியம்மா சாயங்காலமானால் வீடியோவில் இந்திப் படம் போடுவார். கதவோரம் நின்று பார்த்தே 'பச்சாவ்', 'குத்தா', 'பந்தூக்' எல்லாம் கற்றுக்கொண்டேன். (சமையலுக்கு ஆகிற வார்த்தை ஒன்றுகூட அதில் கிடையாது.) பந்தூக் என்றால் துப்பாக்கி.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் சொன்னார்:

"துப்பாக்கி வாங்குறதுக்கும் வண்டியில கொண்டு போறதுக்கும் புதுச் சட்டம் வரப்போவுதாம். டிரைவருங்க எல்லாம் அதான் பேசிக்கிறாங்க. லைசென்சு இல்லாம வண்டியில இருந்துச்சுன்னா, மொதல்ல டிரைவரத்தான் உள்ள தள்ளுவானாம்."

"நமக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்று ரசம் ஊற்றினேன்.

மறுநாளே எஜமானியம்மா ஒரு துணி மூட்டையை என் கையில் திணித்தார். ஈசா டவுனில் இருக்கும் தங்கை வீட்டில் சேர்க்க வேண்டுமாம். "புந்துக், புந்துக்! யல்லா, ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார்.

என் காதில் அது பந்தூக் என்றுதான் விழுந்தது. தடவிப் பார்த்தேன். நீளமாக, கனமாக ஓர் உலோகம். சுற்றிலும் உருண்டை உருண்டையாகக் குண்டுகள். கூடத்துச் சுவரில் எப்போதும் தொங்கும் முதலாளியின் வேட்டைத் துப்பாக்கியைக் காணோம். (எண்ணெய் போடக் கழற்றியிருந்தாராம். சமையற்காரியிடம் அதை யார் சொல்வார்கள்?) ஆக, சட்டம் வருவதற்குள் தங்கை வீட்டில் பதுக்கப் பார்க்கிறார்கள்!

வீட்டுக்காரரிடம் சொன்னால் கொண்டுபோக மாட்டேன் என்பார், வேலை போய்விடும். சொல்லாமல் விட்டால், பிடிபட்டாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சத்தியம் செய்யலாம். வண்டியில் ஏறி, மூட்டையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"என்ன புள்ள, கைக்குழந்த மாதிரி பொத்திப் புடிச்சிருக்க?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஈசா டவுன் நெருங்கும்போது ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். இளவயது அரபிக்காரர். மடியைக் காட்டி என்னவென்று கேட்டார். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் கத்திவிட்டேன்.

"பந்தூக்! ஹமாரா பந்தூக்! இவரு மாஃபி மாலூம்! மாஃபி மாலூம்!"

(துப்பாக்கி என்னுடையது, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். அரபியில் பாதி, இந்தியில் பாதி, நடுக்கத்தில் மீதி.)

போலீஸ்காரர் சிரித்தார். "புந்துக்? ஸேன், ஸேன்" என்று, நல்லது என்பதுபோல் தலையாட்டி, போகச் சொல்லிக் கை காட்டினார்.

பேசாமல் போயிருக்கலாம். எனக்குத்தான் ஆறவில்லை. "என்னங்க அநியாயம், துப்பாக்கிங்குறேன், துப்பாக்கி! சிரிச்சிக்கிட்டே போகச் சொல்றாரு!"

போலீஸ்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. "துஃபக்?"

அந்தப் பக்கத்து அரபியில் துப்பாக்கிக்கு துஃபக் என்று பெயராம். இந்தியில் தப்பித்தவள் தமிழில் மாட்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷம் நாங்கள் இருவரும் வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம்.

மூட்டையை அவர் கார் பானட்டில் வைத்து அவிழ்த்தார். ஒரு பித்தளைக் கையுலக்கை வந்தது. கூடவே பழுப்பு நிறக் கொட்டைகள் கலகலவென்று உருண்டு ரோடெல்லாம் ஓடின. தங்கையம்மா இனிப்புக்கு இடிக்கக் கேட்டிருந்தாராம்.

ஒரு கொட்டையைத் தூக்கிக் காட்டி, "புந்துக்" என்றார் போலீஸ்காரர். கையை நீட்டிச் சுடுவதுபோல் காட்டி, "துஃபக்" என்றார். ஒன்றாம் வகுப்பு வாத்தியார் மாதிரி என்னையும் சொல்லவைத்தார். பிறகு மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம். (அவர் பொறுக்கியதில் பாதி அவர் வாய்க்குப் போயிற்று.)

வண்டியில் வீட்டுக்காரர் கேட்டார்: "துப்பாக்கின்னு நெனச்சா மடியில வச்சிருந்த?"

"ம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"டிரைவரத்தான் மொதல்ல புடிப்பான்னீங்களே."

ஒரு கையால் மூட்டையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இன்றைக்கும் வீட்டில் கொட்டை போட்ட சாக்லேட் வந்தால், பேரப்பிள்ளைகள் "ஆச்சி, லைசென்ஸ் இருக்கா?" என்கிறார்கள். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் வீட்டுக்காரர் இதை நடித்தே காட்டுவார். நான் 'மாஃபி மாலூம்' என்று கத்திய இடம் வந்தால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணி கொண்டா புள்ள" என்பார்.

நானும் உள்ளே போய், கொஞ்சம் மெதுவாகத்தான் கொண்டுவருவேன்.