பிள்ளையார் பார்த்துக் கொடுத்த பேட்டரி

இந்த வீட்டில் இனி ஒரு முடிவாவது நான்தான் எடுப்பேன் என்று ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது சபதம் செய்தேன். வாயில் நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் முடிவுகள் எல்லாம் என் மனைவி அன்புக்கரசியின் இலாகா. எந்த டீவி, எந்த டாக்டர், எனக்கு எந்தக் கலர் சட்டை, எல்லாம் அவள்தான். பெயரில் அன்பு பாதி, அரசி பாதி. அன்பு சொந்தக்காரர்களுக்கு, அரசி எனக்கு. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவள் எடுத்த முடிவு எதுவும் இதுவரை தப்பாகப் போனதில்லை. அதுதான் கொடுமை. ஒன்றாவது தப்பாகப் போயிருந்தால் நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் ஜீப் என்னுடையது. விருத்தாசலத்தில் கோதண்டபாணி என்றால் யாருக்கும் தெரியாது. விஞ்ச் ஜீப்காரர் என்றால் ஆட்டோக்காரர்கூட வீடு வரை கொண்டுவந்து விடுவார். ஜீப்பின் மூக்கில் இரும்புக் கயிறு சுற்றிய உருளை, அதைச் சுற்ற ஒரு மோட்டார். அதுதான் விஞ்ச். செராமிக் கம்பெனிக்குக் களிமண் ஏற்றி வரும் லாரி குழியில் இறங்கினாலும், பெண்ணாடம் பக்கம் கரும்பு டிராக்டர் சேற்றில் உட்கார்ந்தாலும், என் செல்போன்தான் அலறும். கயிற்றை மாட்டி ஸ்விட்சை அழுத்தினால் லாரி முனகிக்கொண்டே வெளியே வரும். எதையும் விஞ்சும் ஜீப். என்னை விஞ்ச வீட்டில் ஆள் இருந்தது வேறு விஷயம்.

அந்த ஜீப்பின் மானம் அதற்கு முந்தின வாரம்தான் போனது. வெள்ளாற்றங்கரையில் ஒரு கரும்பு டிராக்டரை இழுக்கப் போனேன். பாதி இழுத்ததும் பேட்டரி செத்தது. விஞ்சும் சுற்றவில்லை, ஜீப்பும் ஸ்டார்ட் ஆகவில்லை. கடைசியில் பத்துப் பேர் சேர்ந்து டிராக்டரைத் தள்ளி மேலே ஏற்றினார்கள். அந்த டிராக்டர் என் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக ஊருக்குள் வந்தது. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. சீசன் அப்போதுதான் ஆரம்பம். இன்னொரு தடவை இப்படி ஆனால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் இரண்டு பேர் சோறும் அந்தக் கயிற்றில்தான் தொங்கியது.

ஆகவே புது பேட்டரி. எது என்று நான் ஏற்கெனவே மனதுக்குள் நிச்சயதார்த்தமே முடித்திருந்தேன். வேப்பூரில் டீ குடிக்கும்போது ஒரு சென்னைக்காரரின் ஜீப்பில் பார்த்தது. வெளிநாட்டுச் சரக்கு. உடம்பெல்லாம் சிவப்பு, பளபளவென்று கைப்பிடி. பானெட்டைத் திறந்ததும் நான் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"நான் வரேன்" என்று அன்புக்கரசியும் பேட்டரிக் கடைக்குக் கிளம்பினாள். கடைக்காரர் ஜாபர் அலி பாய், சவுதியில் பாலைவன ஜீப்புகளுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்.

"பாய், அந்தச் செவப்பு பேட்டரிய மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சிக் குடுங்க" என்றேன்.

"இருங்க" என்றாள் அன்புக்கரசி. "அண்ணே, ஜீப்பு ஸ்டார்ட் ஆவ எவ்ளோ நேரம் கரண்டு இழுக்கும்?"

"கண்ண மூடித் தொறக்கிற நேரம், தங்கச்சி."

"விஞ்சு?"

"அது லாரி வெளிய வர்ற வரைக்கும் குடிச்சிக்கிட்டே இருக்கும்."

"அப்போ இவரு சொல்ற செவப்பு எதுக்கு செஞ்சது?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். பாய் நல்ல மனுஷர், பொய் வராது.

"ஸ்டார்ட் பண்றதுக்குத்தான். அதுல பிளேட்டு மெலிசு. பளிச்சுன்னு குடுக்கும், அவ்ளோதான். அடிமட்டம் வரைக்கும் எறக்கி எறக்கி ஏத்துனா சீக்கிரம் படுத்துக்கும். விஞ்சு வண்டிக்கு நாங்க கனத்த பிளேட்டு போட்டதுதான் மாட்டுவோம். குலுங்குனாலும் தாங்கும், காலியானாலும் மறுபடி நெறஞ்சிடும்."

அவர் காட்டிய மூலையில் ஒன்று இருந்தது. கறுப்பாக, சதுரமாக, துக்க வீட்டுக்கு வந்த பெரிய மாமா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ரிப்பேருன்னா யாரு வருவாங்கண்ணே?"

"இதுக்கு நான் வருவேன். அதுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரணும்."

வெளியே வந்ததும் நான் குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"அரசி, ஜீப்பு யாருது?"

"உங்களுது."

"பேட்டரி எங்க இருக்கும்?"

"உங்க ஜீப்புல."

"அப்போ முடிவு யாரு எடுக்கணும்?"

"அதான் எடுத்தாச்சேங்க. கறுப்பு."

அப்போதுதான் எனக்குள் அந்த யோசனை பிறந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது, நிலம் வாங்குவது என்று எதில் இழுபறி வந்தாலும் சாமியிடம் பூ கட்டிக் கேட்போம். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ. சன்னதியில் வைத்து ஒன்றை எடுத்துப் பிரித்தால் அதுதான் உத்தரவு. அப்புறம் மறுபேச்சு கிடையாது. அன்புக்கரசி எனக்குப் பயப்பட மாட்டாள். பிள்ளையாருக்குப் பயப்பட்டுத்தானே ஆகவேண்டும்?

"பழமலைநாதர் கோயில்ல ஆழத்துப் பிள்ளையாரையே கேட்டுடலாம்" என்றேன். "செவப்புப் பூ வந்தா செவப்பு பேட்டரி. வெள்ளப் பூ வந்தா உன் கறுப்பு."

அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டாள்.

"சரிங்க. பொட்டலம் நீங்களே கட்டிடுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்ட நாள் எங்கள் கல்யாண நாள் ஒன்றுதான். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

அவளைப் பின்னால் மெதுவாக வரச் சொல்லிவிட்டு, கோயில் வாசலில் பூ விற்கும் காசியம்மாளிடம் நான் மட்டும் முந்திக்கொண்டு போனேன்.

"ரெண்டு செவப்பு ரோஜா குடும்மா."

"பூ கட்டவா? அதுக்கு ஒரு வெள்ள வேணுமே சாமி?"

"பூ கட்ட இல்லம்மா. வூட்டுக்காரிக்கு. தலையில வச்சிக்க."

"அட, இத்தினி வருஷம் கழிச்சா!" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு ரோஜாவை வைத்து வாழைநாரால் இறுக்கினேன். பிள்ளையாரை நான் ஏமாற்றவில்லை. யோசிக்கிற சிரமத்தைத்தான் அவருக்குக் குறைத்துக் கொடுத்தேன்.

காசியம்மாளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அன்புக்கரசியும் வந்து சேர, படியிறங்கி ஆழத்துப் பிள்ளையார் முன்னால் நின்றோம். குருக்கள் பொட்டலங்களை வாங்கிச் சாமி பாதத்தில் வைத்து, "என்ன உத்தரவு கேக்கறேள்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அன்புக்கரசி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சாமி, ரெண்டு பேட்டரி. இவரு சொல்றதுக்கு வெள்ளப் பூ. நான் சொல்றதுக்குச் செவப்புப் பூ."

"அரசி! கடை வாசல்ல அப்படிப் பேசலியே?"

"வழியில வரும்போது மனசுக்குச் சரியாப் படலீங்க. நான் சுமங்கலி. செவப்பு எனக்கு இருக்கட்டும். நீங்க வெள்ள வேட்டி கட்டியிருக்கீங்க, உங்களுக்கு வெள்ள."

"பேஷ், அம்மா சொல்றதுதான் லட்சணமா இருக்கு" என்றார் குருக்கள்.

"இல்ல சாமி, அது வந்து, மொதல்ல சொன்னபடி..."

"ஏங்க, எந்த நெறமா இருந்தா என்ன?" அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். "ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளதானே கட்டியிருக்கீங்க?"

பிள்ளையார் என்னைப் பார்த்தார். குருக்கள் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற ஜனமெல்லாம் என்னைப் பார்த்தது.

"ஆமா" என்றேன்.

குருக்கள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. இன்னொன்றை எடுத்திருந்தாலும் அதே சிவப்புதான் என்பது அந்தச் சன்னதியில் எனக்கும் பிள்ளையாருக்கும் மட்டுமே தெரியும் என்று நம்பினேன். மீதிப் பொட்டலத்தின் மேல் குருக்கள் கை போவதற்குள் நான் பாய்ந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். "பிரசாதம்" என்றேன். அது என்னவென்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

எங்கேயாவது வீசிவிடலாம் என்று பார்த்தேன். கோயிலிலிருந்து ஜாபர் அலி கடை வரை அன்புக்கரசி பக்கத்திலேயே வந்தாள். கடை வாசலில் நின்ற ஜீப்பில் கறுப்பு பேட்டரியை மாட்டி, ஆடாமல் இருக்கப் பாய் பட்டை போட்டு முடுக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். வேலை முடியும் நேரம் போன் வந்தது. ஊருக்கு வெளியே களிமண் லாரி குழியில் இறங்கிவிட்டதாம். "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் அவளும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

லாரியின் பின்சக்கரம் அச்சு வரை களிமண்ணில் புதைந்திருந்தது. அங்கே ஒருத்தன், "போன வாரம் டிராக்டருக்குப் பின்னால வந்த ஜீப்புதானே இது?" என்று கேட்டான். என்ஜினை ஓடவிட்டு, கயிற்றை மாட்டி, ஸ்விட்சை அழுத்தினேன். கயிறு விறைத்தது. லாரி அசையவில்லை. பழைய பேட்டரி இதற்குள் மூச்சை விட்டிருக்கும். கறுப்பன் விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தான். களிமண் சொத்தென்று வாய் பிளந்து லாரியைத் துப்பியது. உடனே என்ஜினை அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருகினேன். முதல் திருகிலேயே உறுமியது. ஹாரன் அடித்தேன். தேவையே இல்லாமல் இன்னொரு தடவையும் அடித்தேன். கேள்வி கேட்டவன் என் செல் நம்பரை வாங்கிக்கொண்டான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேட்டரி மேல் கொஞ்சம். மீதி அத்தனையும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் நின்று "இன்னும் கொஞ்சம் இழுங்க" என்று லாரிக்காரனுக்கும் எனக்கும் சேர்த்துக் கட்டளை போட்ட அந்த அரசி மேல். இப்படி ஒருத்தி கிடைக்க நான் எந்தப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேனோ தெரியவில்லை. ஆனால் இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் ஆண் குலம் மன்னிக்காது.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னேன்:

"என்ன இருந்தாலும் அரசி, பிள்ளையாரக் கேக்கலாம்னு சொன்னது நான்தானே? அவரு பார்த்து எடுத்துக் குடுத்த பேட்டரி சோடை போவுமா?"

"போவாதுங்க" என்றாள். கண்ணாடி முன்னால் போய் நின்று கொண்டையைச் சரிசெய்துகொண்டே, திரும்பாமல் கையை நீட்டினாள். "எனக்குன்னு ரெண்டு செவப்பு ரோஜா வாங்குனீங்களாமே, காசியம்மா காலையிலயே சொல்லிடுச்சு. ஒண்ணு சாமிக்குப் போச்சு. சட்டப் பையில இருக்கிற இன்னொண்ணக் குடுங்க, தலையில வச்சிக்கிறேன்."