நான் குப்புறக் கிடந்த காரணம்

கோட்டை சைட்,
(அல் குசைஸ் கேம்ப் வழி), துபாய்.
14.3.2004

பெருமதிப்பிற்குரிய தாய்மாமனும் மாமனாருமான ஹவில்தார் (ஓய்வு) பெரியகருப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மருமகன் அழகுமலை பணிவுடன் வணங்கி எழுதிக்கொண்டது. தங்கள் இடது முழங்கால் வலி தணிந்ததா, அத்தைக்குக் கண் புரை எடுத்தாகிவிட்டதா, செவலை மாடு கன்று ஈன்றதா என்று மூன்றையும் ஒரே வரியில் கேட்டுக்கொள்கிறேன். மற்ற வரிகள் அனைத்தும் எனக்கு வேண்டியிருக்கின்றன.

தாங்கள் எழுதிய கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பதினோரு வருடத்தில் தாங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் என்பதால் கை கழுவிவிட்டு வந்துதான் பிரித்தேன். உள்ளே மூன்று கேள்விகள் இருந்தன. ஒன்று, பத்திரிகைப் படத்தில் செத்துக் கிடப்பது நீயா? இரண்டு, நீயென்றால் ஏன் குப்புறக் கிடக்கிறாய்? மூன்று, உன் முதுகின் மேல் கிடப்பவன் நம் ஆளா, எதிரியா? கீழே கையெழுத்தும் பட்டாள நம்பரும் போட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். செத்துக் கிடப்பது நான்தான். மற்றபடி நல்ல சுகம்.

நடந்ததை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும், தப்புதான். மேலூர் கௌஸ் முகைதீன் லீவில் வரும்போது டாங் ஜூஸ்பவுடர் பாட்டிலைச் சுற்றிக் கொண்டுவந்த அரபிப் பேப்பரில் என் படம் இருக்குமென்று நான் கண்டேனா? அவர் அதை சைக்கிளில் கொண்டுவந்து டீக்கடையில் விரிக்க, எழுதியிருப்பதைப் படிக்க ஒருவருக்கும் தெரியாமல் ஆளுக்கு ஒன்று சொல்ல, ஈராக் பக்கம் சண்டை நடக்கிற நேரமாகவும் இருக்க, தங்கள் மகள் பூவாயிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது நான் பாக்தாத்தில் குண்டடிபட்டுச் செத்திருக்கிறேன். நான் போன் போட்டு, "ஏ, நான்தான் பேசுறேன்"னு சொல்றேன், அவ அழுதுக்கிட்டே, "குரல் உங்க குரல் மாதிரிதான் இருக்கு, ஆனா படத்துல செத்துல்ல கெடக்கீங்க"ங்கிறா. உயிரோடு இருக்கிறதை போனில் எப்படி மாமா நிரூபிக்கிறது?

விஷயம் இதுதான். கம்பெனி எங்களை அல் குசைஸிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் கடலோரமாக உள்ள ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியது. அங்கே ஒரு பழைய கோட்டை, பவளக்கல்லும் மண்ணும் ஈச்சமரமுமாகக் கட்டியது. அதைப் பழுதுபார்த்துக் கொடுத்தோம். கதவும் சாரமும் என் வேலை. பெரிய வேலைகள் முடிந்ததும் ஊர் முனிசிபாலிட்டி, வியாழன் வெள்ளி இரண்டு நாள் லீவில் ஒரு விழா வைத்தது. அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தார்களோ அப்படியே வாழ்ந்து காட்டுகிற விழா. முத்துக் குளிக்கிறவர் மூக்கில் கிளிப் மாட்டி முங்குவார், பெண்கள் ஓலை முடைவார்கள், சாயங்காலம் சண்டை. நூறு நூற்றைம்பது வருடம் முன்னால் கடல்வழி வந்து கோட்டையைத் தாக்கிய எதிரிகளை ஊர்க்காரர்கள் விரட்டினார்களாம், அதை அப்படியே நடத்திக் காட்ட வேண்டும். வந்த சிக்கல் என்னவென்றால், ஊரில் ஒரு ஆண்பிள்ளைகூட எதிரியாக நிற்கச் சம்மதிக்கவில்லை. "எங்க தாத்தா கோட்டைக்கு உள்ளே நின்னு சண்டை போட்டவர், நான் வெளியே நிக்கவா?" என்று நானூறு பேரும் உள்ளே போய் நின்றுகொண்டார்கள்.

முனிசிபாலிட்டி ஆபீசர் மக்தூம் என்று ஒருவர், தங்கமான மனுஷன், பஜேரோவை நேரே எங்கள் கேம்ப்புக்கு விட்டார். இறங்கினதும் ஹிந்தியில், "சாலீஸ் துஷ்மன் சாஹியே!" என்றார். எங்க சூப்பர்வைசர் காயல்பட்டினம் ஹபீப் முகம்மது, மெஸ் வாசல்ல நின்னு கையைத் தட்டி, "நாப்பது எதிரி வேணுமாம்ப்பா, யார் யார் வர்றீங்க?"ன்னு கேட்டாரு. "ரெண்டு நாளும் பிரியாணியா?"ன்னாங்க நம்ம பசங்க. ஆமான்னாரு. அஞ்சு நிமிஷத்துல எதிரிப்படை ரெடி.

நான் ஏன் போனேன்னு நீங்க கேக்கலாம். மனசைத் தொட்டுச் சொல்றேன் மாமா. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தப்ப நெஞ்சு ஒரு அங்குலம் பத்தலைன்னு என்னையத் திருப்பி அனுப்பினாங்கள்ல, பெறகு பூவாயியக் கேட்டு எங்கம்மா வந்தப்ப, "பட்டாளத்துக்கே பத்தாத நெஞ்சு எம் மகளுக்குப் பத்துமா?"ன்னு சபையில வச்சுக் கேட்டீங்க. நியாயமான கேள்விதான், குத்தம் சொல்லலை. ஆனா மக்தூம் என்னையப் பாத்து, மீசையப் பாத்து, வயித்தப் பாத்து, "இவர்தான் எதிரித் தளபதி"ன்னு சொன்னப்ப, இங்க மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி நிக்கிற எனக்கு உங்க வீட்டு வாசல்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. தளபதி மாமா! ஹவில்தாருக்கு மேல இல்லையா அது?

நாப்பது துப்பாக்கியும் நானே பிளைவுட்ல அறுத்துச் செஞ்சேன். உங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கிற படத்துல நீங்க பிடிச்சிருக்கிற துப்பாக்கி இருக்கே, அதை நெனப்புல வச்சு அச்சா அதே மாதிரி. மக்தூமோட அப்பா வந்து பார்த்தாரு. அவர் சொந்தமா நாலு மீன்படகு வச்சிருக்கிறவர், கோட்டைத் தலைவர் வேஷம் அவருக்குத்தான். ஒண்ணைக் கையில தூக்கிப் பாத்து, வேலை பிரமாதம், ஆனா இது ஒங்க காலத்துத் துப்பாக்கி, எங்க தாத்தா காலத்துல ஆள் உசரம் இருக்கும்னாரு. முப்பத்தொம்பதை ஒடைச்சு, நாப்பதையும் மறுபடி செஞ்சேன். உங்க மாடல்ல ஒண்ணை மட்டும் ஒடைக்க மனசு வரலை, பெட்டிக்குள்ள வச்சிருக்கேன்.

ஒத்திகை ஒரு வாரம். மக்தூம் அரபியில் கட்டளை கொடுப்பார், ஹபீப் முகம்மது தமிழில் சொல்வார், அதைக் கேட்டு நம்ம சரவணகுமார் பின்வரிசைக்குத் தெலுங்கில் சொல்வான். தமிழ் ஆட்கள் செத்து விழுந்து வேர்வையைத் துடைத்த பிறகுதான் தெலுங்கு ஆட்கள் சாக ஆரம்பிப்பார்கள். யார் சாவது என்பதில் பெரிய போட்டி, ஏனென்றால் செத்தவன் ஈச்சமர நிழலில் படுத்துக்கொள்ளலாம். கடைசியில் சீட்டுக் குலுக்கி ஆறு பேரைச் சாக விட்டோம். தளபதி சாகவே கூடாது, மதில் வரைக்கும் போய் ஏணி சாத்தி, கடைசியாக வாளை மக்தூம் அப்பா கையில் கொடுத்துச் சரணடைய வேண்டும், இதுதான் எனக்கு உத்தரவு. உத்தரவை நான் மீறவே இல்லை மாமா. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் ஸ்டோர் கீப்பர் நவரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அவரும் பேர் கொடுத்திருந்தார். ஆனால் துப்பாக்கி கொடுக்கப் போனபோது, "பலகை எண்டாலும் வேண்டாம் அண்ணை, நான் தண்ணிக்குடம் தூக்கிறன்" என்றார். எந்தப் படைக்கும் தண்ணீர் வேண்டும்தானே என்று அவரை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கரையெல்லாம் கூட்டம். பெண்கள், பிள்ளைகள், டிவிக்காரர்கள், பெரிய பெரிய காரில் பெரிய மனிதர்கள். நாங்க நாப்பது பேரும் ரெண்டு படகுல, ஒட்டுத்தாடியும் தலைப்பாகையுமா. பாதிப்பேரு சிவகங்கை, புதுக்கோட்டை ஆளுங்க, கண்மாயத் தவிர வேற தண்ணியக் கண்டதில்ல. படகு ஆடின ஆட்டத்துல எதிரிப்படை மொத்தமும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் கரையேறுச்சு. ஆனா எறங்கினதும் வாளத் தூக்கிக் கத்துனேன் பாருங்க, எங்குரலா இதுன்னு எனக்கே ஆச்சரியம். பின்னாடி மிச்ச அத்தனை பேரும் கத்துறாங்க. மணல்ல ஓடுறேன். கோட்டைக்கு மேல பீரங்கி இருக்கு, வெறும் மருந்து மட்டும் வச்சு வெடிப்பாங்க, ஒத்திகையில பட்டாசு மாதிரி டப்புன்னு வெடிச்சது. அன்னைக்கு விழாவாச்சேன்னு எவனோ ரெண்டு கை மருந்து கூடப் போட்டிருக்கான். வெடிச்சதுல பூமி குலுங்கி, கோட்டைப் புறா அத்தனையும் பறக்க, எனக்குக் காது அடைச்சுப்போச்சு.

அடுத்த நொடி என் கழுத்தை யாரோ பிடித்து இழுத்து மணலில் போட்டார்கள். முதுகில் ஒரு ஆள் பாரம். காதுக்குள், "படுங்கோ அண்ணை! தலை தூக்காதேங்கோ! எழும்பாதேங்கோ!" என்று நவரத்தினம். தண்ணீர்க்குடம் எங்கோ உருண்டு போய்விட்டது. என் மேல் முழுசாகக் கவிழ்ந்து, இரண்டு கையாலும் என் தலையை மூடிக்கொண்டு கிடக்கிறார். பின்னால் வந்தவர்கள் தளபதி விழுந்ததைப் பார்த்து, திட்டத்தை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து தொப்பு தொப்பென்று விழுந்தார்கள். இந்தத் தடவை தெலுங்கு ஆட்களும் தாமதிக்கவில்லை. கோட்டையிலிருந்து ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் எதிரிப்படை மொத்தமும் காலி. மேலே நானூறு பேர் குறிபார்த்தபடி நிற்கிறார்கள், சுட ஆளில்லை. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில்தான், ஒட்டுத்தாடி கழன்று என் மீசை ஒரு பக்கமாகத் தெரிய, படம் எடுத்திருக்கிறார்கள்.

ஆக உங்கள் இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் பதில் ஒன்றுதான். நான் திரும்பி ஓடவில்லை மாமா. என் மேல் கிடந்தவர் நம் ஆள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டைக் கதவு திறந்தது. மக்தூமின் அப்பா தனியாக இறங்கி வந்தார். ஒத்திகையில் இது இல்லை. என்னிடம் வாளைக் கேட்கவில்லை. நவரத்தினம் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டிருந்த முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தார். பிறகு மகனைப் பார்த்து, "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். எங்கள் எல்லோரையும் கைகாட்டிக் கோட்டைக்குள் கூப்பிட்டார். நாங்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, வென்றவர்களும் செத்தவர்களுமாக உள்ளே போனோம். ஜனங்கள் கை தட்டினார்கள் பாருங்கள், சண்டை போட்டிருந்தால்கூட அவ்வளவு தட்டியிருக்க மாட்டார்கள். ஒரே பாயில் உட்கார வைத்து காவா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் முதலில் நவரத்தினத்துக்குத்தான் கொடுத்தார் அந்தப் பெரிய மனுஷன்.

காவா குடிக்கையில் நவரத்தினம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. விளையாட்டோ மெய்யோ எண்டு இந்த உடம்புக்குத் தெரியேல்லை. ஊரில ஒருக்கா குண்டு விழேக்க தங்கச்சிக்கு என்ர கை எட்டேல்லை. அதுக்குப் பிறகு பக்கத்தில ஆர் நிண்டாலும் இழுத்துப் போட்டிடுவன்."

அவருக்கு இன்னும் ரெண்டு பேரீச்சம்பழம் எடுத்து வச்சேன் மாமா. அவர் தன் உயிருக்குப் பயந்து படுக்கலை பாருங்க, என்னையக் கீழ போட்டு மேல படுத்தாரு. பொய்ச் சண்டைதான், பொய்க் குண்டுதான். ஆனா எனக்காக விழுந்தது நெசம். நீங்க எழுபத்தொண்ணுல எல்லையில நின்னவரு, இப்படி ஒரு ஆளு பக்கத்துல இருந்தா என்ன அர்த்தம்னு எனக்கு நீங்க சொல்லித்தர வேண்டியதில்ல, உங்களுக்கு நானும் சொல்ல வேண்டியதில்ல. மறுநாள் வெள்ளிக்கிழமை பீரங்கி வேண்டாம்னு மக்தூமோட அப்பா சொல்லிட்டாரு. படகுல வந்தோம், கத்துனோம், நேரா உள்ள போய்ப் பிரியாணி சாப்ட்டோம். வரலாற மாத்திட்டீங்கன்னு ஊர்க்காரங்க ரெண்டு பேரு சண்டைக்கு வந்தாங்களாம், அவங்களுக்கும் பிரியாணி கொடுத்து உக்கார வச்சாச்சு.

ஆகவே மனநிறைவோடு இருக்கிறேன். பூவாயிக்கு என் மேல் சத்தியமாகச் சொல்லுங்கள்: இனிமேல் பலகைத் துப்பாக்கியைக்கூடத் தொடமாட்டேன், எந்த யுத்தத்துக்கும் போகமாட்டேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி லீவு, டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், அத்தையின் கண் தெளியட்டும், தங்கள் முழங்கால் மடங்கி நிமிரட்டும் என்று அழகர்மலையானை வேண்டி, தங்கள் பாதம் தொட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
அ. அழகுமலை

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் மக்தூம் வந்துவிட்டார். இருபது மைல் தள்ளி இருக்கிற ஊர்க்காரர்களுக்குப் பொறாமையாம், ஏப்ரல் கடைசியில் அவர்களும் ஒரு யுத்தம் வைக்கிறார்களாம். அனுபவப்பட்ட படை எங்களைத் தவிர இந்தப் பக்கத்தில் வேறு இல்லையாம். பீரங்கி கிடையாது, நவரத்தினம்தான் கொடி பிடிக்கிறார், இந்தத் தடவை ஜெயிக்கிற பக்கம் நாங்கள். ஒத்துக்கொண்டுவிட்டேன். டிக்கெட்டை மே மாதத்துக்கு மாற்றக் கொடுத்தாயிற்று. இதைப் பூவாயியிடம் தாங்களே சொல்லிவிட வேண்டும். அவளை நேருக்கு நேர் எதிர்கொள்ள நிஜமான பட்டாளத்துக்காரரால்தான் முடியும்.