ஐம்பது பாட்டும் ஒரு கறுப்பு நத்தையும்

இருநூற்றெட்டு பேர் உள்ளே போயிருந்தார்கள். வெளியே வந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

நிரூபன் மறுபடியும் எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டேதான். முந்நூறு கதிரைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மழைக்கு ஒதுங்கியவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்காபரோவின் மில்லிக்கன் பகுதியில், கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் பின்புறம் இருந்தது அந்த விருந்து மண்டபம். அதில் பாதியை விழுங்கிக்கொண்டு நின்றது, நத்தை போலச் சுருண்ட ஒரு கறுப்புக் கூடாரம். வருகிறவர்கள் அதற்குள் நுழைந்து, சுற்றிச் சுற்றி நடந்து, மறுபக்கத்தால் வெளிப்பட்டுக் கதிரைக்கு வர வேண்டும். திட்டம் அதுதான்.

பஸ் தரிப்புப் பெஞ்சு விளம்பரங்களில் எல்லாம் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ரியல் எஸ்டேட் மாமாங்கத்துக்கு இன்று ஐம்பதாவது பிறந்தநாள். ஐம்பது வயதுக்கு ஐம்பது பாட்டு, மேடையில் அவரே பாடுகிறார்.

"ஹெலியிலை வந்து இறங்கியாச்சு, யானையிலையும் வந்தாச்சு. இது ஒருத்தரும் செய்யாத விசயம்," என்று நிரூபனிடம் சொல்லியிருந்தார். "அந்த இராசம்மாவுக்குக் கடிதமெல்லாம் வீட்டிலையிருந்தே போயிட்டுது. நீ சாமானை இறக்கிக் கட்டிக் குடு. பிழைச்சுதெண்டால் ஸ்காபரோவிலை உன்னை ஒருத்தரும் டெக்கரேஷனுக்குக் கூப்பிடாமல் பண்ணுவன்."

இராசம்மா என்று அவர் சொன்னது இரசேமாவை. பிரேசில் நாட்டுக் கட்டடக் கலைஞர். சாவோ பாவ்லோவில் லொறிகள் உறுமும் பாலத்தின் கீழே குழந்தைகள் தூங்க ஓர் அறை கட்டிப் பெயர் எடுத்தவர். பிறகு லிஸ்பனில் ஓர் ஆஸ்பத்திரி, ஒசாகாவில் ஒரு ரயில் நிலையம் என்று முப்பது வருடமாக, உள்ளே போனால் வெளியுலகம் மறந்துபோகும் இடங்களாகக் கட்டிக்கொண்டிருப்பவர். இப்போது வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை!" என்றான் நிரூபன், ஆங்கிலத்தில், நாக்குழற.

"நல்லது," என்றார் அவர். "என்னிடம் கேட்டதைத்தான் கட்டியிருக்கிறேன். எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது. இதைப்போல என்னை அழவைத்த கடிதம் வேறில்லை."

போன் பண்ணிப் பார்க்கலாமென்றால் அத்தனை போன்களும் வாசலில் ஒரு கூடைக்குள் கிடந்தன. அதுவும் அந்த அம்மாவின் விதி.

நிரூபன் தன் வேலையாள் மிதுனனைக் கூப்பிட்டான். "ஓடிப்போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா."

மிதுனன் ஓடினான். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மிதுனனும் இல்லை.

நிரூபன் கூடார வாசலை எட்டிப் பார்த்தான்.

"நிரூபன்!" மேடையிலிருந்து மாமாங்கம் கத்தினார். "ஆக்கள் எங்கையடா?"

"வருகினம் அண்ணை..."

"என்ர குரல் கேட்டால் ஓடி வருவினம். நீ பார்."

முதல் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் கதிரைகளிலிருந்த பன்னிரண்டு பேரும் ஒன்றாக எழுந்து கூடாரத்தை நோக்கி நடந்தார்கள்.

"யேசுரட்ணம் அங்கிள், எங்கை போறியள்?"

"மனிசியை உள்ளை விட்டிட்டு வந்திட்டன் தம்பி. ஒருக்காப் பார்த்திட்டு வாறன்."

அவர் மனைவியே பக்கத்தில் நின்று தலையாட்டியதை, இருந்த பதற்றத்தில் நிரூபன் கவனிக்கவில்லை.

"சத்தம் காணாது, கூட்டு!" என்றார் மாமாங்கம்.

கூட்டினான். மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. ரோல்ஸ் தட்டுகளோடு நின்ற பரிமாறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த கணம் தட்டுகளோடு அவர்களும் மாயம்.

மண்டபத்தில் மிச்சம் இரண்டே பேர்.

"மூண்டாவது பாட்டு முடியேக்கை கதிரை நிரம்பியிருக்கோணும்!" மைக்கிலேயே சொன்னார் மாமாங்கம். "இல்லாட்டி நாளைக்கு உன்ர கடையைப் பூட்டு!"

வேறு வழியில்லை. நிரூபன் உள்ளே நுழைந்தான்.

நாலடி வைத்ததும் இருட்டு. எட்டடி வைத்ததும் பாட்டு அறுந்தது. கையில் தட்டுப்பட்ட சுவர், ஏதோ பெரிய மிருகத்தின் வயிறு போல மெத்தென்றிருந்தது.

"மிதுனன்!"

அடித்தொண்டையால்தான் கத்தினான். குரல் வாயைவிட்டு வெளியேறிய மாதிரியே இல்லை. சுவர் அதைத் தின்றுவிட்டது. தன் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது. எத்தனை சுற்று வந்தான், எந்தப் பக்கம் வாசல், ஒன்றும் தெரியவில்லை. இருநூறு பேரை எங்கே விட்டாய் என்று பொலிஸ் கேட்டால் என்ன சொல்வது?

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளில் விழுந்தது.

நிரூபன் அலறினான். அதுவும் ஒருவருக்கும் கேட்கவில்லை.

"உஸ்ஸ். இஞ்சாலை வா."

கை அவனை இழுத்துப்போய் ஒரு திரையை விலக்கியது. மங்கலான மஞ்சள் வெளிச்சம். வட்டமான கூடத்தில், மெத்தைகளில் சாய்ந்துகொண்டு, காணாமற்போன அத்தனை பேரும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காதோடு காதாக ஊர்க்கதை. யேசுரட்ணம் அங்கிள் நல்ல நித்திரை. மிதுனன் நிரூபனுடைய விசிட்டிங் கார்டுகளை ஒவ்வொருவருக்காகக் கொடுத்து வந்தான். ஆளுக்கு இரண்டு கேட்டு வாங்கினார்கள்.

தோளைப் பிடித்திருந்த கைக்கு உரியவர் மாமாங்கத்தின் மனைவி புஸ்பராணி.

"அக்கா! அண்ணை அங்கை தனியப் பாடிக்கொண்டு நிக்கிறார்!"

"பாடுறாரோ?"

புஸ்பராணி ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. முகம் மலர்ந்தது.

"இவர் அம்பது பாட்டுப் பாடப்போறன் எண்டு சொன்ன அண்டைக்கே, இரவிரவா இருந்து அந்தப் பிரேசில் மனிசிக்குக் கடிதம் எழுதினது நான்தான் தம்பி."